ஒரு லோடு, இருபத்துநாலு வீடு

சென்னைப் புறநகரில் தண்ணீர் லோடு கணக்கில்தான் விற்கிறது. போன் செய்தால் லாரிக்காரர் கேட்கும் முதல் கேள்வி, “பன்னெண்டா, இருபத்துநாலா?” பன்னிரண்டாயிரம் லிட்டர் வண்டியா, இருபத்துநாலாயிரம் லிட்டர் வண்டியா என்று அர்த்தம். இந்தப் பக்கம் பேசுபவர் பெரும்பாலும் ஏதோ ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் அசோசியேஷன் செகரட்டரியாக இருப்பார். லாரி வரும், தரைக்கடியில் இருக்கும் சம்பில் கொட்டும், சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடும். அந்தத் தண்ணீரில் யார் எவ்வளவு எடுத்தார்கள், யார் எவ்வளவு தர வேண்டும் என்பது லாரிக்காரரின் கவலை கிடையாது. அந்தத் தலைவலி குடியிருப்பவர்களுக்கு.

அப்படி ஒரு பன்னிரண்டாயிரம் லிட்டரைக் கிணற்றிலிருந்து கழிவுநீர் வரைக்கும் கூடவே போய்ப் பார்ப்போம். கணக்குக்கு வசதியாக ஒரு கட்டடத்தை வைத்துக்கொள்ளலாம். தரைத்தளத்தில் கார் நிறுத்தம், மேலே நாலு மாடி, மாடிக்கு ஆறு வீடு. ஆக இருபத்துநாலு வீடு. பாதி வீடுகள் 800 சதுர அடி, மீதி 1,200. வீட்டுக்கு நாலு பேர் என்றால் 96 பேர். ஆளுக்கு 125 லிட்டர் செலவழித்தால் ஒரு லோடு ஒரே நாளில் காலி. நகரங்களுக்கு மத்திய அரசின் வழிகாட்டி நூல்கள் சொல்லும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். அதற்குச் சற்றுக் கீழேதான் இது. லோடு விலை 2,400 ரூபாய் என்று வைப்போம். லிட்டருக்கு இருபது காசு. கட்டடம் கற்பனை. அதற்குள் நடக்கும் சண்டைகள் நிஜம்.

கிணறும் லாரியும்

சென்னைக் குடிநீர் வாரியம் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. அன்றிலிருந்து அது தண்ணீரைத் தேடித் தூர தூரமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. ஆந்திரத்தோடு 1983இல் ஒப்பந்தம் போட்டு, 1996இல் கிருஷ்ணா நீர் பூண்டிக்கு வந்தது. 2004இல் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பிறகு கடலையே குடிநீராக்கினார்கள்: 2010இல் மீஞ்சூரில் நாளுக்கு 10 கோடி லிட்டர், 2013இல் நெம்மேலியில் இன்னொரு 10 கோடி, 2024இல் நெம்மேலியிலேயே மேலும் 15 கோடி.

நகரம் இதைவிட வேகமாக ஓடியது. 2011இல் மாநகராட்சி எல்லை விரிந்து பெருங்குடி, சோழிங்கநல்லூர் எல்லாம் சென்னைக்குள் வந்தன. கட்டடங்கள் முதலில் வந்தன, குடிநீர்க் குழாய் பின்னால் நிதானமாக வந்தது. சில தெருக்களுக்கு இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில்தான் லாரி ஓடுகிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களில் ஒரு காலத்தில் நெல்லுக்கு இறைத்த கிணறுகளும் போர்வெல்களும் இப்போது லாரிக்கு இறைக்கின்றன. நிலத்தடி நீரை எடுப்பதற்கும் வண்டியில் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதி வேண்டும் என்று சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987லேயே வந்துவிட்டது. ஆனால் ஒரு லோடின் விலையில் கிணற்றில் குறையும் நீருக்கென்று ஒரு காசும் இல்லை. டீசல், டிரைவர், வண்டித் தவணை, கிணற்றுக்காரர் பங்கு, இடைத்தரகு ஆகியவைதான் அந்த 2,400 ரூபாய்.

இந்த விலை எவ்வளவு ஆட்டம் காணும் என்பதை 2019 காட்டியது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்ற நாலு ஏரிகளும் அந்தக் கோடையில் ஏறத்தாழ வறண்டன. தனியார் லோடு விலை பல இடங்களில் இரட்டிப்புக்கு மேல் போனது. பணம் கொடுத்தாலும் வண்டி வர நாள் கணக்கில் ஆனது. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தபோது நகரமே வேடிக்கை பார்த்தது. நம் கணக்கில் அது இருநூற்றுச் சொச்சம் லோடு.

சம்பு என்னும் எல்லை

லாரி உள்ளே வந்ததும் முதல் சோதனை வாட்ச்மேனுடையது. விவரமான வாட்ச்மேன் சம்பில் ஒரு கழியை விட்டு, கொட்டுவதற்கு முன்னும் பின்னும் ஈரம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். சம்பு மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம் என்றால், பன்னிரண்டாயிரம் லிட்டர் கொட்டினால் மட்டம் சரியாக இரண்டு மீட்டர் ஏற வேண்டும். ஒன்றே முக்கால் மீட்டர்தான் ஏறியது என்றால் ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் எங்கேயோ போயிருக்கிறது. கொஞ்சம் வசதியான குடியிருப்புகளில் லாரி ஹோஸ் சொருகும் இடத்திலேயே ஒரு மீட்டர் வைத்திருப்பார்கள். சிலர் பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மானியை நனைத்து உப்பையும் பார்ப்பார்கள். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். லாரித் தண்ணீர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிற்கும்.

இந்தச் சம்போடு ஒரு ஆட்சி முடிந்து இன்னொரு ஆட்சி தொடங்குகிறது. மின்சாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இணைப்பு, கார் நிறுத்தத்தில் வரிசையாக மாட்டிய ஈ.பி. மீட்டர்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. மின்வாரியம் வீடு வீடாக விற்கிறது. காசு வர வேண்டியது அதற்கு, அதனால் மீட்டரை அதுவே வைக்கிறது. அடுத்த வீட்டு ஏ.சி.க்கு நாம் பணம் கட்டுகிறோமோ என்ற சந்தேகம் யாருக்கும் வருவதில்லை. தண்ணீர் விற்பவரோ, வாரியமானாலும் லாரியானாலும், பெரும்பாலும் கட்டடம் மொத்தத்துக்குத்தான் விற்கிறார். சம்பு நிறைந்ததும் அவர் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அசோசியேஷனே குடிநீர் வாரியம். பம்பை ஓட்டுவது, குழாயைப் பராமரிப்பது, விலை வைப்பது, வசூலிப்பது, கட்டாதவரோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் அதன் தலையில். வாரியத்துக்குப் பொறியாளர்கள் உண்டு. அசோசியேஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வாக இருக்கும் ஒரு செகரட்டரியும், எக்செல் தெரிந்த ஒரு டிரெஷரரும் உண்டு.

ஏறும்போது மலிவு

சம்பிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்ற எவ்வளவு செலவாகும் என்று கேட்டால் பலரும் பெரிய தொகை சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டு டன் எடையை இருபது மீட்டர் உயரம் தூக்க, இயற்பியல் கேட்கும் ஆற்றல் ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்குதான். பம்பு, மோட்டார், குழாய் உராய்வு எல்லாம் தின்றதுபோக நிஜத்தில் இரண்டு யூனிட் என்று வைக்கலாம். இதே பன்னிரண்டாயிரம் லிட்டரைக் கடல்நீரிலிருந்து பிரித்தெடுக்க நாற்பது யூனிட் அளவுக்கு ஆகும்.

இரண்டு யூனிட்டுக்கு என்ன விலை என்பதில் ஒரு சின்ன அரசியல் இருக்கிறது. பம்பு, லிஃப்ட், படிக்கட்டு விளக்கு ஆகியவை பொது இணைப்பில் ஓடுபவை. வீட்டு இணைப்புக்கு இருக்கும் இலவச 100 யூனிட் அதற்குக் கிடையாது. 2022 செப்டம்பரில் இதற்கென்று தனிக் கட்டணப் பிரிவு உருவாக்கி யூனிட்டுக்கு 8 ரூபாய் வைத்தார்கள். சிறிய குடியிருப்புகள் கொதித்தன. 2023 நவம்பர் முதல், பத்து வீட்டுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாமல் இருக்கும் கட்டடங்களுக்கு மட்டும் 5 ரூபாய் 50 காசாகக் குறைந்தது. நம் இருபத்துநாலு வீட்டுக் கட்டடம் முதல் இரண்டு நிபந்தனையிலேயே தோற்றுவிடும். ஆனாலும் அந்த 8 ரூபாய்க் கணக்கில் ஒரு லோடை ஏற்ற ஆகும் செலவு பதினாறு ரூபாய்தான். 2,400 ரூபாய்த் தண்ணீருக்குப் பதினாறு ரூபாய் ஏற்றுக்கூலி. சென்னைக் குடியிருப்பில் தண்ணீர்ச் செலவு என்றால் அது தண்ணீரின் செலவுதான். பிரித்துக்கொள்ள வேண்டியதும் அதைத்தான்.

இறங்கும்போது சிக்கல்

மேலே ஏறும்போது ஒரே குழாய். கீழே இறங்கும்போது அது பல குழாய்களாகப் பிரிகிறது. பிளம்பர்கள் இதை டவுன் பைப் என்பார்கள். ஒரு வீட்டில் இரண்டு குளியலறை, சமையலறை, துணி துவைக்கும் இடம், ஹாலில் வாஷ்பேசின் என்று ஐந்து இடத்தில் தண்ணீர் வேண்டும் என்று வையுங்கள். கட்டடத்தை வரைந்தவர் என்ன செய்வார்? நாலு மாடியிலும் சமையலறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதால், தொட்டியிலிருந்து நேராக ஒரு குழாயை இறக்கி நாலு சமையலறைக்கும் கிளை வைப்பார். குளியலறைகளுக்கு ஷாஃப்ட் வழியாக இன்னொன்று. அந்த ஷாஃப்டின் மறுபக்கம் பக்கத்து வீட்டுக் குளியலறை இருந்தால் அதற்கும் அதே குழாயில் ஒரு கிளை. குழாய் குறைவு, கூலி குறைவு, கட்டுபவருக்கு லாபம்.

விளைவு, எந்தக் குழாயும் எந்த ஒரு வீட்டுக்கும் சொந்தமில்லை. மூன்றாம் மாடிக்காரரின் சமையலறைத் தண்ணீரும் முதல் மாடிக்காரரின் சமையலறைத் தண்ணீரும் ஒரே குழாயில் வருகின்றன. அதே மூன்றாம் மாடிக்காரரின் சமையலறைக்கும் குளியலறைக்கும் இடையே எந்த உறவும் இல்லை. வீட்டுக்கு ஒரு மீட்டர் வைக்கலாமே என்று பொதுக்குழுவில் யாராவது எழுந்து கேட்டால், பிளம்பர் சிரிப்பதற்குக் காரணம் இதுதான். வீட்டுக்கு ஒன்று போதாது, நுழைவாய்க்கு ஒன்று வேண்டும். இருபத்துநாலு வீட்டுக்கு ஐந்து நுழைவாய் என்றால் நூற்றிருபது மீட்டர். அவற்றில் பாதி ஃபால்ஸ் சீலிங்குக்குப் பின்னால், மீதி ஷாஃப்டுக்குள் ஆள் தொங்கினால்தான் எட்டும் இடத்தில். கட்டடத்தை வரைந்த அன்றே, அதில் குடியேறப் போகிறவர்களின் கணக்கும் வழக்கும் வரையப்பட்டுவிட்டன.

இது நமக்கு மட்டும் நேர்ந்த விதி என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் குளிர்காலச் சூட்டை இதே மாதிரிதான் பங்கிட வேண்டியிருந்தது. அடித்தளத்துக் கொதிகலனிலிருந்து வெந்நீர் செங்குத்துக் குழாய்களில் ஏறி அறை அறையாக ரேடியேட்டர்களைச் சுடவைக்கும். வீட்டுக்கு ஒரு மீட்டர் அங்கும் வைக்க முடியவில்லை. அதனால் ஒவ்வொரு ரேடியேட்டரிலும் ஒரு சின்னக் கண்ணாடிக் குழலை ஒட்டினார்கள். உள்ளே மெல்ல ஆவியாகும் ஒரு திரவம். ரேடியேட்டர் எவ்வளவு நேரம், எவ்வளவு சூடாக இருந்ததோ அந்த அளவுக்குத் திரவம் இறங்கியிருக்கும். ஆண்டுக்கொருமுறை ஆள் வந்து அளவைக் குறித்துக்கொண்டு புதுக் குழலை மாட்டிவிட்டுப் போவார். ஜெர்மனி 1981இல் இதை வைத்து ஒரு விதியே போட்டது. சூட்டுச் செலவில் பாதிக்குக் குறையாமலும் எழுபது சதவீதத்துக்கு மிகாமலும் அளந்த பயன்பாட்டின்படி பிரிக்க வேண்டும். மிச்சத்தைப் பரப்பளவின்படி பிரிக்கலாம். முழுவதையும் ஏன் அளவின்படியே பிரிக்கவில்லை? நடுவில் இருக்கும் வீட்டுக்காரர் தன் ரேடியேட்டரை மூடிவிட்டு, நாலு பக்கமும் அண்டை வீட்டுச் சுவரிலிருந்து வரும் சூட்டில் குளிர்காய முடியும். குழாய்களில் போகும் வழியிலேயே கொஞ்சம் சூடு கரையும். எந்தக் குழலும் அதைக் காட்டாது. அளக்க முடிந்தது எது, முடியாதது எது என்று அந்த விதி வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது.

பங்கு பிரிக்கும் நாலு வழி

நம் லோடுக்குத் திரும்புவோம். 2,400 ரூபாயை எப்படிப் பிரிப்பது?

முதல் வழி, சமபங்கு. வீட்டுக்கு நூறு ரூபாய். கணக்கு எளிது, வாக்குவாதம் குறைவு. ஆனால் ஓய்வுபெற்ற கணவன் மனைவி மட்டும் இருக்கும் வீடும், ஆறு பேர் இருக்கும் வீடும் ஒன்று.

இரண்டாவது, சதுர அடி. மொத்தம் 24,000 சதுர அடி. அடிக்குப் பத்து காசு. சின்ன வீட்டுக்கு 80 ரூபாய், பெரிய வீட்டுக்கு 120. மெயின்டனன்ஸ் தொகையைப் பல இடங்களில் இப்படித்தான் போடுகிறார்கள். பத்திரத்தில் இருக்கும் யு.டி.எஸ்., அதாவது நிலத்தில் பிரிபடாத பங்கு, பரப்பளவை ஒட்டியே இருப்பதால் இது நியாயம்போலத் தோன்றும். பெயின்ட் அடிப்பதற்கும் மொட்டைமாடி ஒழுகலை அடைப்பதற்கும் இது பொருந்தும். ஆனால் பெரிய படுக்கையறை தண்ணீர் குடிப்பதில்லை.

மூன்றாவது, தலைக்கணக்கு. 96 பேர், ஆளுக்கு 25 ரூபாய். கேட்கச் சரியாக இருக்கும். ஆனால் தலையை எண்ணுவது யார்? பேறுகாலத்துக்கு வந்து ஐந்து மாதம் தங்கிய மகள் கணக்கில் வருவாளா? ஊரிலிருந்து வந்துபோகும் மாமியார்? ஒரே வீட்டில் பங்குபோட்டு இருக்கும் ஐந்து ஐ.டி. பையன்கள், பகலெல்லாம் ஆபீசில் இருப்பவர்கள்? அமெரிக்காவில் இருக்கும் உரிமையாளரின் பூட்டிய வீடு? வாட்ச்மேனை ஒற்றனாக்காமல் இந்த முறையை நடத்த முடியாது.

நாலாவது வழி பஞ்ச காலத்தில் தானாக வரும்: வால்வு. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் திறப்பது. 2019இல் நகரத்தின் பாதிக் குடியிருப்புகள் இதைச் செய்திருக்கும். கேட் வால்வுதான் அப்போது மீட்டர். அதன் அநியாயம் மெல்லத்தான் தெரியும். டிரம் வைத்திருப்பவர் பிடித்து வைப்பார். வேலைக்குப் போன இருவர் வீட்டில் அந்த நேரத்தில் குழாயைத் திறக்க ஆளிருக்காது. கீழ் வீட்டுக்காரர் எல்லாக் குழாயையும் திறந்தால் மேல் வீட்டில் காற்றுதான் வரும். புதுத் தண்ணீர் வந்ததும் நேற்றுப் பிடித்ததைச் சாக்கடையில் கொட்டுபவர்களும் உண்டு.

இந்த நாலில் முதல் மூன்றுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. பில் வந்த பிறகும் யாரும் குழாயை இறுக்க மாட்டார்கள். ஃபிளஷ் தொட்டியின் வால்வு தேய்ந்து சத்தமில்லாமல் ஒழுகினால் நாளுக்குச் சில நூறு லிட்டர் போகும். அந்த நஷ்டத்தில் வீட்டுக்காரரின் பங்கு இருபத்துநாலில் ஒன்று. பிளம்பரைக் கூப்பிட்டு அலைவதைவிட அது மலிவு. அமெரிக்காவில் 2004இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு அடுக்குமாடிகளில் இதை அளந்து பார்த்தது. வீடு வீடாக மீட்டர் வைத்த இடங்களில் பயன்பாடு 15.3 சதவீதம் குறைந்திருந்தது. மீட்டர் இல்லாமல் பரப்பளவு, தலைக்கணக்கு போன்ற சூத்திரங்களால் பில்லைப் பிரித்த இடங்களில் குறிப்பிடத்தக்க மிச்சம் எதுவும் இல்லை. சூத்திரம் பணத்தை வசூலித்துத் தரும். ஒழுகும் வால்வை அதனால் கண்டுபிடிக்க முடியாது.

மீட்டர் வந்த பிறகு

நூற்றிருபது நுழைவாய்க்கும் மீட்டர் வைக்க ஒரு வழியாகப் பொதுக்குழு ஒப்புக்கொண்டது என்று வையுங்கள். எந்த மீட்டர்?

பழைய வகையில் உள்ளே ஒரு சின்னச் சக்கரம். ஓடும் நீர் அதைச் சுற்றும், சுற்று காந்தத்தின் வழியே மேலே பல்சக்கரங்களுக்குப் போகும், கறுப்பு எண்கள் கன மீட்டரையும் சிவப்பு எண்கள் அதற்குக் கீழே உள்ளதையும் காட்டும். விலை குறைவு. ஆனால் சக்கரத்தை அசைக்கப் போதாத சொட்டை அது எண்ணாது. போர் தண்ணீரின் மணலும் உப்புக் காரையும் சல்லடையை அடைக்கும். தொட்டி காலியாகித் திரும்ப நிரம்பும்போது குழாயில் புகுந்த காற்று சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் போகும். தண்ணீர் வராத நாளுக்கும் பில் வந்தது என்ற புகாரில் பல சமயம் உண்மை இருக்கிறது. மேல்மாடியில் இன்னொரு சங்கடம். தொட்டிக்கும் ஷவருக்கும் இடையே இரண்டு மூன்று மீட்டர் உயரம்தான். இருக்கும் கொஞ்ச அழுத்தத்தில் மீட்டர் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால் ஷவர் அழுது வடியும்.

புது வகையில் சுழல்வது எதுவும் இல்லை. நீரோட்டத்தின் திசையில் ஒரு மீயொலித் துடிப்பையும் எதிர்த்திசையில் ஒன்றையும் அனுப்பி, இரண்டும் போய்ச் சேரும் நேர வித்தியாசத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடும். அளவு ரேடியோ வழியே போய்க் கைபேசியில் தெரியும். பெங்களூருவிலும் சென்னையிலும் இதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரு வீட்டுக்கு ஐந்து நுழைவாய் என்ற நம் ஊர்ச் சிக்கல்தான் அவர்களுடைய சந்தை. நள்ளிரவு இரண்டு மணிக்கும் ஒரு குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் செய்தி வரும். இந்த ஒரு செய்திக்காகவே மீட்டர் வைக்கலாம் என்பேன். தப்பு எந்த வீட்டில் என்று ஊர் பேசுவதற்கு முன்னால், அந்த வீட்டுக்காரருக்கே தெரிந்துவிடுகிறது.

இப்போது முதல் மாத பில். முப்பது லோடு, 72,000 ரூபாய். சம்பில் இறங்கியது 360 கிலோலிட்டர். இருபத்துநாலு வீட்டு மீட்டர்களின் கூட்டுத்தொகை 324. மிச்சம் 36 எங்கே? செடிகளுக்கு, படிக்கட்டு கழுவ, கார் துடைக்க, வாட்ச்மேன் கழிப்பறைக்கு, தொட்டி நிரம்பி வழிந்ததில், நிலத்துக்குள் ஒழுகும் இணைப்பில், மீட்டர் எண்ணாமல் விட்ட சொட்டில். இந்தப் பத்து சதவீதத்தை வீட்டு விலையிலேயே ஏற்றி மறைத்துவிடலாம். சில இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். அது தவறு. கிலோலிட்டருக்கு 200 ரூபாய் என்று வீடுகளுக்கு 64,800 போட்டுவிட்டு, மீதி 7,200 ரூபாயை வீட்டுக்கு 300 என்று தனி வரியில் காட்ட வேண்டும். அந்த வரி கண்ணில் பட்டால்தான் அடுத்த மாதம் யாராவது சம்பு மிதவையைச் சரிசெய்வார்கள்.

நியாயம் வந்துவிட்டதா? பார்க்கலாம். இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் 9 கிலோலிட்டர். முன்பு 3,000 கட்டியவர்கள் இப்போது 2,100. ஆறு பேர் வீட்டில் 20 கிலோலிட்டர். 3,000 கட்டியவர்கள் 4,300. கூட்டத்தில் இருவர் வீட்டுக்காரர் வெற்றிப் பார்வை பார்ப்பார். ஆனால் ஆளுக்கு வகுத்துப் பாருங்கள். இருவர் வீட்டில் தலைக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர். ஆறு பேர் வீட்டில் 111. சிக்கனமாக இருப்பவர் யார்? இரண்டு குழந்தைகளையும் வயதான பெற்றோரையும் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் குடும்பம், மீட்டரின் பார்வையில் பெரிய செலவாளி. மின்சாரம்போல ‘பதினைந்துக்கு மேல் போனால் இரட்டை விலை’ என்று அடுக்கு வைத்தால் இதே குடும்பத்துக்குத்தான் மறுபடி அடி. மீட்டருக்கு லிட்டர் தெரியும், மனிதர்களைத் தெரியாது. அடுக்கு விலை வைக்க விரும்பினால் எல்லையைத் தலைக்கணக்கோடு சேர்த்து வைக்க வேண்டியிருக்கும். அப்படியானால் மூன்றாம் வழியின் அத்தனை கேள்விகளும் திரும்பி வருகின்றன, கொஞ்சம் சாந்தமாக.

பூட்டிய வீட்டு விவகாரமும் மீட்டரால் பாதிதான் தீரும். வீட்டு மீட்டரில் ஓடும் லாரித் தண்ணீர் அந்த வீட்டுக்காரர் எடுக்காதது. அதற்கு அவர் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. ஆனால் சம்பு கழுவுவதும் பம்பு பழுதும் மீட்டரின் பேட்டரியும் அவர் பங்கையும் கேட்கும். ஜெர்மன் விதியின் சாரம் இங்கே உதவுகிறது. நாம் குழாயை மூடினால் குறையும் செலவை அளந்து பிரிக்க வேண்டும். மூடினாலும் குறையாத செலவைச் சொத்தின் பங்கின்படி பிரிக்க வேண்டும். நம் ஊர் லாரித் தண்ணீரில் முதல் வகையே ஏறத்தாழ முழுவதும் என்பதால், ஜெர்மனியின் ஐம்பது, எழுபது சதவீத எல்லைகள் நமக்குத் தேவையில்லை. மழைக்காலத்தில் குடியிருப்பின் சொந்தப் போரும் கிணறும் கொடுக்கும்போது லோடு குறையும், கிலோலிட்டர் விலை இறங்கும், கோடையில் ஏறும். மாதந்தோறும் மொத்தச் செலவை மொத்த லிட்டரால் வகுத்து அறிவித்தால் போதும். அதில் இன்னொரு நன்மை, 2003இல் கட்டாயமாக்கிய மழைநீர்த் தொட்டியைத் தூர்வாரினால் அடுத்த மாத விலையில் அது தெரியும்.

வாடகைக்காரர் விஷயம் இருக்கிறது. மாத பில் அவருக்கு, மீட்டர் வைப்பதா என்ற ஓட்டு வீட்டு உரிமையாளருக்கு. மீட்டர் வைக்கும் செலவும் உரிமையாளருக்கு. வேறு ஊரில் இருக்கும் உரிமையாளருக்கு இதில் என்ன ஆர்வம் இருக்கும்? பல குடியிருப்புகளில் தீர்மானம் மூன்று பொதுக்குழு தள்ளிப்போவது இதனால்தான்.

போகும்போதும் லோடுதான்

உள்ளே வந்த பன்னிரண்டாயிரம் லிட்டரில் ஏறத்தாழ எண்பது சதவீதம் கழிவாக வெளியேறும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. அதாவது 9,600 லிட்டர். பாதாளச் சாக்கடை இருக்கும் தெருவில் அது யாருக்கும் தெரியாமல் போய்விடும். இல்லாத தெருவில் செப்டிக் டேங்க் நிறைந்து இன்னொரு லாரியைக் கூப்பிட வேண்டும். அதுவும் லோடு கணக்குதான். தண்ணீர் வருவதற்கு ஒரு லாரி, போவதற்கு ஒரு லாரி. ஒரே லிட்டருக்கு இரண்டு முறை பணம். பெரிய குடியிருப்புகளில் எஸ்.டி.பி. என்ற சுத்திகரிப்பு நிலையம் இருக்கும். அங்கே சுத்தமான நீர் தனிக் குழாயில் ஃபிளஷுக்கும் செடிக்கும் திரும்ப வரும், புது லோடு ஓரளவு மிச்சமாகும். ஆனால் எஸ்.டி.பி.யின் மின்சாரமும் ஆளும் ரசாயனமும் சேர்ந்து வரும் செலவை அநேகமாக எல்லா இடத்திலும் சதுர அடிக்குத்தான் பிரிக்கிறார்கள். கழிவு, உள்ளே வந்த லிட்டரின் நிழல். தண்ணீரை அளக்கத் தொடங்கிவிட்டால் கழிவுநீரையும் அதே அளவில் பிரிக்கலாம். அதற்குத் தனி மீட்டர் வேண்டாம்.

இவ்வளவு கணக்கும், நூற்றிருபது மீட்டரும், ஷாஃப்டில் தொங்கிய பிளம்பரும், தள்ளிப்போன தீர்மானங்களும் தேவைப்பட்டதற்குக் காரணம், கட்டும்போது மிச்சம் பிடித்த சில நூறு அடி குழாய். தொட்டியிலிருந்து வீட்டுக்கு ஒரே ஒரு குழாய் இறக்கி, வாசலில் ஒரு வால்வும் மீட்டர் வைக்க ஓர் இடமும் விட்டிருந்தால், இருபத்துநாலு மீட்டரில் எல்லாம் முடிந்திருக்கும். ஒழுகல் வந்தால் ஒரு வீட்டை மட்டும் மூடியிருக்கலாம். புதிதாக எழும்பும் கட்டடங்களில் இதைச் செய்ய எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை. வாங்குபவர் கேட்பதில்லை, அதனால் கட்டுபவர் செய்வதில்லை. ஃபிளாட் பார்க்கப் போகும்போது யு.டி.எஸ். எவ்வளவு என்று கேட்கிறோம். கார் நிறுத்தம் கேட்கிறோம். சமையலறை அக்கினி மூலையில் இருக்கிறதா என்று திசைகாட்டியை வைத்துப் பார்க்கிறோம். அந்தச் சமையலறைக்குத் தண்ணீர் யார் குழாயில் வருகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். பதிவு முடிந்த பிறகு அந்தக் கேள்விக்கான பதிலை மாதா மாதம் கட்டிக்கொண்டிருப்போம்.